ஆதம்லெவ்வை கடை எண்ணெய்க் கேன்

“இந்தக் கேனுக்கு எத்தின வயசு எண்டு சொல்லு புள்ள. அது மட்டும் போதும். வேற ஒண்டும் தேவல்ல.”

கச்சிமுகம்மது ஹாஜியார் மேசையில் விரித்திருந்த துவாயோடு சேர்த்து அந்த எண்ணெய்க் கேனை ஸம்றாவின் பக்கம் நகர்த்தினார். கல்முனைக்குடியில் அவருடைய வீட்டு முன்கூடம். வெயில் இன்னும் ஏறவில்லை. ஆனால் அவர் நெற்றியில் வியர்வை இருந்தது.

ஸம்றா கேனைத் தூக்கவில்லை. குனிந்து அதன் வாயை முகர்ந்தாள்.

“கேனுக்குக் காய்ச்சலா ராத்தா?” என்றான் பின்னால் நின்ற நிப்றாஸ்.

நிப்றாஸ் அவளுடைய தம்பி. த்ரீவீல் ஓட்டுபவன். இரண்டு பிள்ளைகளுக்கு வாப்பா. ஸம்றா இன்சூரன்ஸ் கம்பனியில் விபத்து வாகனங்களைப் பார்த்து உண்மை பொய் சொல்லும் வேலையில் பல வருடம் இருந்தாள். அதை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறியத் தொடங்கிய நாளிலிருந்து அவன்தான் அவளுக்குச் சாரதியும் உதவியாளனும். சம்பளம் ஒழுங்காகக் கிடைக்காததால் வாயை ஒழுங்காக வைத்திருக்க வேண்டிய அவசியம் தனக்கில்லை என்பது அவன் கட்சி.

வழக்கு இதுதான். பாலமுனையில் பிரதான வீதியோரமாக ஒரு வளவு. அதில் அஸ்னா என்ற பெண் தன் இரண்டு மகள்மாரோடு இருக்கிறாள். அந்த இடம் தன் பாட்டனார் ஆதம்லெவ்வையின் எண்ணெய்க் கடை இருந்த இடம், ஆகவே தனக்குச் சேர வேண்டும் என்கிறார் கல்முனை பஸாரில் எஞ்சின் ஒயில் கடை வைத்திருக்கும் முபீன். காணிக்கு ஒழுங்கான உறுதிப் பத்திரம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கைமாறிய காகிதங்கள் சில இருந்தன. அவற்றையும் சுனாமி கொண்டுபோய்விட்டது. கோர்ட்டுக்குப் போனால் பேரப்பிள்ளை காலத்தில்தான் தீர்ப்பு வரும் என்று, ஊரில் மதிப்புள்ள கச்சிமுகம்மது ஹாஜியாரை நடுவராக இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்டார்கள்.

போன வாரம் எல்லைக் கல் நடக் குழி தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து இந்தக் கேன் வந்தது. இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தீர்ப்பு.

ஸம்றா இப்போது கேனைக் கையில் எடுத்தாள். வளைந்த மூக்கு, பின்னால் கைபிடி, வயிற்றில் ஒரு பித்தளைத் தகடு. தகட்டில் எழுத்துத் தெளிவாக இருந்தது: ஆ. ஆதம்லெவ்வை, எண்ணெய் வியாபாரம், சிலோன்.

“இது எண்ணெய் அடைச்சு விக்கிற கேன் இல்ல,” என்றாள். “கடையில எண்ணெய அளந்து ஊத்துற கேன்.”

“அதத்தானே நானும் சொல்றன்!” ஹாஜியார் நாற்காலியில் முன்னுக்கு வந்தார். “எண்ணெய் வாங்குற ஆளுட வீட்டுக்கு எண்ணெய் போகும். அளக்கிற கேன் போகுமா? அது கடையிலதான் கிடக்கும். அப்ப அந்த இடத்தில கடை இரிந்திரிக்கு. வயசு மட்டும் சரியா இரிந்தா விசயம் முடிஞ்சிது.”

ஸம்றா தலையாட்டினாள். கேனைத் திருப்பி அதன் ஓரத்தில் விரலை ஓட்டினாள்.

“தகரத்த ஒண்டுக்கு மேல ஒண்டு வெச்சு, கையால ஈயம் பத்த வெச்சிரிக்கு. மெசின்ல மடிச்ச ஓரம் இப்பிடிக் கரடுமுரடா இரிக்காது. கழுத்தில ‘ஒரு குவாட்’ எண்டு அடிச்சிரிக்கு, லீற்றர் வாறதுக்கு முந்தின காலம். சிலோன் எண்டு போட்டிரிக்கு, நாட்டுக்குப் பேர் மாத்த முந்தி. ஆனா இதெல்லாம் சுத்திவளைச்ச சாட்சி.” அவள் வாய் விளிம்பைக் காட்டினாள். அங்கே மொச்சைக்கொட்டை அளவில் ஓர் ஈயப் பொட்டு. தொலைபேசியின் கமராவால் பெருப்பித்துப் பார்த்தாள். “நேர்ச் சாட்சி இஞ்ச இரிக்கு. கிரீடம். கீழ ஐம்பத்தெட்டு. பக்கத்தில அறுபத்தொண்டு, அறுபத்து மூணு. அளக்கிற சாமான் சரியா எண்டு அரசாங்க ஆள் வந்து பாத்துக் குத்துற முத்திரை. அதுக்குப் புறகு முத்திரை இல்ல.”

“அப்ப?”

“அப்ப இந்தக் கேன் அறுபது வருசத்துக்கு மேல பழசு. போலி இல்ல. அசல்.”

“இதுக்குப் பென்ஷன் குடுக்கலாம்,” என்றான் நிப்றாஸ்.

ஹாஜியார் நீளமாக மூச்சு விட்டார். “அல்ஹம்துலில்லாஹ். அஸருக்குப் புறகு பாலமுனைக்கு வந்து ஆக்களுக்கு முன்னால இதச் சொல்லிட்டுப் போ புள்ள. கேன் இஞ்ச கிடக்கட்டும்.”

“கொண்டுபோய் இன்னொருக்காப் பாத்தா நல்லம்.”

“ஏன்? வயசத்தான் சொல்லிட்டியே!”

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவரே அதைக் கவனித்துச் சிரிக்க முயன்றார். அந்த நேரம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு முபீன் உள்ளே வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், அகன்ற தோள், தாடி, கைவிரல் இடுக்கெல்லாம் கறுப்பு ஒயில்.

“கொண்டுபோங்க தங்கச்சி,” என்றார் முபீன். “நல்லாப் பாருங்க. பாத்துட்டு உண்மையச் சொல்லுங்க.” அவரே கேனைத் துவாயில் சுற்றி, குழந்தையைத் தருவதுபோல அவளிடம் தந்தார். “எங்கட மூத்தப்பா கை பட்ட சாமான். அவர்ட போட்டோ கூட எங்களுக்கிட்ட இல்ல.” சொல்லிவிட்டு முழங்கையால் கண்ணைத் துடைத்தார்.



த்ரீவீல் காரைதீவைத் தாண்டும்போது நிப்றாஸ் சொன்னான். “யாராவது கொண்டுவந்து புதைச்சதெண்டா, ஆளு முபீன்தான் ராத்தா. கண்ணத் துடைச்சத பாத்தீங்களா? துடைச்சாரே தவிர, தண்ணியக் காணல்ல.”

“நீ கண்ணப் பாத்த. நான் கேனப் பாத்தன்.” ஸம்றா தலைமுக்காட்டிலிருந்து ஓர் ஊசியைக் கழற்றிக் கேனின் மூக்குக்குள் விட்டுக் கிளறினாள். காய்ந்த கறுப்புச் சேறு உதிர்ந்தது. அதோடு ஏதோ மஞ்சளாக அவள் உள்ளங்கையில் விழுந்தது. “இது என்ன?”

நிப்றாஸ் ஒரு கணம் திரும்பிப் பார்த்தான். “நெல்லு. சப்பட்ட நெல்லு.”

“பாலமுனைக் கடக்கரையில வெள்ளாம செய்யிறாங்களா?”

“கடல்ல நாத்து நட்டாத்தான் உண்டு.”

“பாலமுனையில வெள்ள மணல். இது வயல் சேறு. ஈரச் சேத்துக்குள்ள கொஞ்ச நாள் கிடந்து கறள் பிடிச்ச கேன். மேல படிஞ்ச கறள் பாரு, செங்கல் நிறம். புதுக் கறள். பழைய கறள் கறுத்துப் போயிரிக்கும்.”

“முபீனுக்கு சாகாமத்தில வயல் இரிக்கு ராத்தா! நானே உர மூட கொண்டுபோய்க் குடுத்திரிக்கன்.”

“ஹாஜியாருக்கும் சாகாமத்தில வயல் இரிக்கு. இந்தப் பக்கத்தில வயல் இல்லாத ஆள் யாரு?”

“நான்,” என்றான் நிப்றாஸ். “என்ன மட்டும் சந்தேகப்படாதீங்க.”

பாலமுனையில் அஸ்னாவின் வீட்டு முன்பக்கம் தையல் மெசின் திருத்தும் சிறு கடை. அவள் ஒரு மெசினைக் கவிழ்த்து வைத்து, சின்ன எண்ணெய்க் குப்பியால் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தாள். துவாய்ச் சுற்றைக் கண்டதும் குப்பியைக் கீழே வைத்தாள்.

“நீங்க ஹாஜியார்ட ஆக்களா, முபீன்ட ஆக்களா?”

“நாங்க கேன்ட ஆக்கள்,” என்றான் நிப்றாஸ்.

அவள் சிரிக்கவில்லை. ஆனாலும் படலையைத் திறந்துவிட்டாள்.

அந்த வீடு அவளுடைய உம்மா அவளுக்குக் கலியாணத்தில் கொடுத்தது. அவள் தன் மூத்த மகளுக்குக் கொடுக்க வேண்டியது. இந்தக் கரையில் பெண்ணுக்கு வீடில்லாமல் கலியாணமில்லை. மாப்பிள்ளை பேசி முடித்து, நாளும் குறித்தாகிவிட்டது. கேன் வெளியே வந்த செய்தி பரவியதும் மாப்பிள்ளை வீட்டார் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அஸ்னாவின் புருசன் சவூதியில் வேறொரு குடும்பத்தோடு இருப்பது ஊருக்கே தெரியும். அவளுக்காகக் கதைக்க வீட்டில் ஆண் என்று ஒருவரும் இல்லை.

“எங்க வாப்பா இந்த இடத்தில லொறி திருத்தினவர்,” என்றாள். “அவருக்கு முந்தி இஞ்ச வெறுங் காடு. கடையும் இல்ல, ஒண்டும் இல்ல. ஆனா நான் சொன்னா யாரு நம்புற? கேன் சொன்னாத்தான் நம்புறாங்க.”

குழி பின்வேலியோரம் இன்னும் மூடாமல் கிடந்தது. ஸம்றா குந்தியிருந்து மணலை அள்ளினாள். வெள்ளை மணல், விரலிடுக்கால் சர்க்கரைபோல ஓடியது.

“இந்த இடத்தில தோண்டச் சொன்ன யாரு?”

“எல்லக் கல்லு நடணும் எண்டு ஹாஜியார் கம்பு ஊண்டிக் காட்டினார். முபீன்ட கூலி ஆள்தான் தோண்டினான்.”

“அதுக்கு முதல் நாள் நீங்க வீட்டில இரிந்தீங்களா?”

“இல்ல ராத்தா. உம்மாவுக்குச் சுகமில்ல எண்டு ஒலுவிலுக்குப் போய்ட்டம். வீடு பூட்டிக் கிடந்திச்சி.”

“முபீன்ட ஆள்,” என்று நிப்றாஸ் அக்காவின் காதில் முணுமுணுத்தான். “நான் அப்பவே சொன்னன்.”

ஸம்றா கேனைத் துவாயிலிருந்து எடுத்தாள். “கொஞ்சம் தண்ணி தாங்க.”

அஸ்னா வாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஸம்றா கேனை நிரப்பித் தூக்கிப் பிடித்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு அடியின் நடுவிலிருந்து ஒரு துளி. இன்னொரு துளி. பிறகு விடாமல் ஒழுகத் தொடங்கியது.

“கறள் பிடிச்ச கேன் ஒழுகும்தானே?” என்றாள் அஸ்னா.

“ஒழுகும். ஆனா கறள் தின்ற ஓட்டை கோணல்மாணலா இரிக்கும்.” ஸம்றா தண்ணீரைக் கொட்டிவிட்டு ஊசியால் அடியைக் குத்தினாள். கறள்போலத் தெரிந்தது பெயர்ந்து வந்தது. அது கறள் அல்ல, கறள் நிறம் பூசி அடைத்த பட்டிப் பசை. அது முழுதும் விழுந்ததும் உள்ளே வட்டமாக ஒரு துளை. விரல் நுழையும் அளவு. ஓரம் கத்தியால் வெட்டியதுபோல நேராக இருந்தது.

மூவரும் அதைப் பார்த்தார்கள்.

“அளக்கிற கேனுக்கு அடியில ஓட்ட,” என்றான் நிப்றாஸ். “ஆதம்லெவ்வை மூத்தப்பா எண்ணெயும் வித்து, வித்த எண்ணெயத் திருப்பியும் எடுத்திரிக்கார்.”

“இத ட்ரில் மெசினால போட்டிரிக்கு. அறுபத்து மூணில இந்தப் பக்கத்தில கரண்டே ஒழுங்கா இல்ல. ஓரத்தில ரப்பர் வளையம் இரிந்த அடையாளமும் இரிக்கு. கேனுக்கு ரப்பர் வளையம் எதுக்கு?”

நிப்றாஸின் முகம் மாறியது. பகிடி போய்விட்டது. “ராத்தா, இங்க குடுங்க.” கேனைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தான். “இப்பிடித் தொங்கும். மேலால வயர் வரும். உள்ளுக்கு பல்ப். அறுகம்பேயில ஹோட்டல்களில எல்லாம் இந்த மாதிரிப் பழைய கேன்தான் லைட். வெள்ளக்காரனுகளுக்கு அதுல ஒரு பைத்தியம். செஞ்சு குடுக்கிறது தம்பிலுவிலில ஒரு பொம்புள. அவட பெட்டிகள நான் ஏத்தி இறக்கியிரிக்கன்.”

“அத ஏன் காலையிலேயே சொல்லல்ல?”

“காலையில அது மூத்தப்பாட கேன். இப்பதானே லைட்டானது!”

தம்பிலுவிலில் கஜேந்தினியின் பட்டறை, வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. உள்ளே மண்ணெண்ணெய்த் தகரம், கிறீஸ் டின், ஒயில் கேன் என்று கூரை முழுக்கத் தொங்கின. முப்பது வயதுக்காரி. மூக்குக் கண்ணாடியில் உலோகத் தூள் படிந்திருந்தது. அவள் ஒரு டின்னை உரசிக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஸம்றா உடனே விசயத்தைக் கேட்கவில்லை. துவாயைப் பிரித்துக் கேனை வைத்து, “இது விக்கிறதெண்டா என்ன பெறும்?” என்றாள்.

கஜேந்தினி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “பழசு எண்டா மட்டும் பெறுமதி இல்ல அக்கா. மூணு விசயம் பாப்பன். ஒண்டு, அசல் நிறம் இருக்கா, இல்லாட்டிப் புதுசாப் பெயின்ற் அடிச்சிருக்கா. பெயின்ற் அடிச்சா பெறுமதி போச்சு. ரெண்டாவது, எழுத்து. வெளிநாட்டுக் கம்பனிப் பேர் எல்லாக் கேனிலயும் இருக்கும். உள்ளூர்க் கடைப் பேர் எண்டா அப்பிடி இன்னொண்டு கிடைக்காது, அதுக்குத்தான் விலை. மூணாவது...” கேனைத் திருப்பியதும் அவள் நிறுத்தினாள். துளையில் விரலை வைத்தாள். “அட கடவுளே. என்ட கேனுக்கு என்ன செஞ்சு வெச்சிருக்கீங்க?”

“உங்கட கேனா?”

“இந்த ஓட்ட நான் போட்டது அக்கா. அக்கரைப்பற்றில பழைய இரும்புக் கடையில எடுத்த கேன். மினுமினு எண்டு துடைச்சு, கறள் வராம வார்னிஷ் அடிச்சு வெச்சிருந்தன். கொழும்பில இருந்து பழைய கேன் சேக்கிற ஆள் ஒருத்தர் வந்து, ‘ஓட்ட போட்டுக் கெடுத்திட்டியே, முழுசா இருந்தா நான் எடுத்திருப்பன்’ எண்டு ஏசிட்டுப் போனவர். புறகு போன நோன்புக்குக் கிட்டடியில ஒரு முஸ்லிம் காக்கா வந்து வாங்கினார்.”

“எந்தக் காக்கா?”

“பேர் சொல்லல்ல. ஆனா நல்லா நினைவிருக்கு. எல்லாரும் விலை குறைக்கக் கேப்பாங்க. அவர் குறைக்கவே கேக்கல்ல. மகள்ட புது வீட்டுக்கு லைட் எண்டார். ஆனா வயரையும் ஹோல்டரையும் கழட்டி வெச்சிட்டு வெறுங் கேனத் தாங்க எண்டார். லைட் வாங்க வந்த ஆள் லைட் வேணாம் எண்டா நினைவிருக்கும்தானே?”

நிப்றாஸ் ஏற்கனவே தொலைபேசியைத் திறந்துவிட்டான். கேன் எடுத்த அன்று ஊர் வட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் ஓடிய படம். குழியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். முபீனின் முகத்தைப் பெருப்பித்து நீட்டினான். “இவர்தானே?”

கஜேந்தினி பார்த்தாள். “இல்ல.”

“நல்லாப் பாருங்க. தாடி இல்லாம வந்திரிப்பார்.”

“இவர் இல்ல காக்கா.” அவளே தொலைபேசியை வாங்கி, படத்தை விரலால் மெல்ல நகர்த்தினாள். கூலியாள், இரண்டு அயலவர், ஒரு கடைக்காரர். விரல் நின்றது. “இவர்.”

படத்தின் நடுவில், எல்லோருக்கும் தெரியும்படி கேனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்ற கச்சிமுகம்மது ஹாஜியாரின் முகத்தில் அவள் விரல் இருந்தது.



“நடுவர்,” என்றான் நிப்றாஸ். “ராத்தா, நடுவரே குழிக்குள்ள இறங்கிட்டார்.”

ஸம்றாவுக்குக் காலையில் கேட்ட குரல் திரும்ப ஒலித்தது. வயசு மட்டும் போதும். வேற ஒண்டும் தேவல்ல. அசல் கேன். அசல் முத்திரை. அவள் என்ன சொன்னாலும் உண்மையைத்தான் சொல்வாள், அந்த உண்மை அவருக்குப் போதும். பொய்யைக் கண்டுபிடிப்பவள் என்று பெயரெடுத்தவளின் வாயால் உண்மையைச் சொல்லவைத்து, ஒரு பெண்ணின் வீட்டைப் பறிக்கப் பார்த்திருக்கிறார்.

“தங்கச்சி, எங்களோட ஒருக்கா பாலமுனைக்கு வருவீங்களா?”

கஜேந்தினி பின்வாங்கினாள். “அக்கா, உங்கட ஆக்கள்ட காணிப் பிரச்சினை. நான் வந்து வாய் துறந்தா அது வேற கதையாப் போயிரும். தமிழ்ப் பொம்புள வந்து ஹாஜியார்ல பழி போட்டாள் எண்டு சொல்லுவாங்க. நான் உங்கட ஊர்களாலதான் சாமான் ஏத்தி இறக்கிறன்.”

“உண்மை. அப்பிடியும் சொல்லுவாங்க. நான் வற்புறுத்த மாட்டன்.”

ஸம்றா கேனைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். நிப்றாஸ் வண்டியை இயக்கினான். படலையடியில் திரும்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. கஜேந்தினி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கையில் ஒரு பையோடு ஓடிவந்தாள்.

“அந்தப் பொம்புளைக்கு எத்தின பிள்ளைகள்?” என்று கேட்டாள்.

“ரெண்டு மகள்மார்.”

பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

அஸர் முடிந்து அஸ்னாவின் வளவில் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். ஹாஜியார் நடுவில் பிளாஸ்ரிக் கதிரையில். முபீன் தனியாக மாமரத்தடியில். அஸ்னா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் பின்னால் மகள்மார். கஜேந்தினியை நிப்றாஸ் த்ரீவீலுக்குள்ளேயே இருக்கச் சொல்லியிருந்தான்.

“சொல்லு புள்ள,” என்றார் ஹாஜியார். “கேனுக்கு என்ன வயசு?”

“அறுபது வருசத்துக்கு மேல. அசல் கேன். ஆதம்லெவ்வை கடைச் சாமான்தான்.”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அஸ்னாவின் மூத்த மகள் உள்ளே ஓடிப்போனாள். ஹாஜியார் இரண்டு கைகளையும் விரித்தார். “கேட்டீங்கதானே எல்லாரும்? அப்ப விசயம்...”

“நீங்க கேட்டது ஒரு வயசு ஹாஜியார். இந்தக் கேனுக்கு ரெண்டு வயசு இரிக்கு. ஒண்டு செஞ்ச வயசு. மற்றது புதைச்ச வயசு.”

அவர் கை அந்தரத்தில் நின்றது.

ஸம்றா கேனைத் தலைகீழாகப் பிடித்துத் துளையைக் காட்டினாள். மூக்குக்குள்ளிருந்து எடுத்த கறுப்புச் சேற்றையும் நெல்லையும் காகிதத்தில் வைத்துக் காட்டினாள். பிறகு குழியின் வெள்ளை மணலை அள்ளிப் பக்கத்தில் போட்டாள். ஆட்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். யாரும் விளக்கம் கேட்கவில்லை. எல்லோரும் வயல் மண்ணும் கடற்கரை மண்ணும் தெரிந்தவர்கள்.

ஹாஜியார் மெதுவாக முபீனின் பக்கம் திரும்பினார். “முபீன், இது என்ன வேல? எங்கயோ கேன் வாங்கிக் கொண்டுவந்து புதைச்சிரிக்கீங்க. எனக்கிட்ட ஒரு வார்த்தை...”

முபீன் மரத்தடியிலிருந்து நிமிர்ந்தார். முகம் வெளிறியிருந்தது. “நானா?”

“வாங்கினது நீங்கதானே ஐயா?”

படலையடியில் கஜேந்தினி ஹாஜியாரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருக்கச் சொன்ன இடத்தில் அவள் இருக்கவில்லை. “மகள்ட புது வீட்டுக்கு எண்டீங்க. வயர் வேணாம் எண்டீங்க.” பைக்குள் கைவிட்டு வயரோடு கூடிய ஹோல்டரை எடுத்தாள். நேராக வந்து ஸம்றாவின் கையிலிருந்த கேனின் துளைக்குள் அதை விட்டு அழுத்தினாள். ரப்பர் வளையம் தன் பழைய தடத்தில் பொருந்தி உட்கார்ந்தது. கேனின் வாய்க்குள்ளால் சின்ன பல்பொன்றை மாட்டினாள். நிப்றாஸ் மறுமுனையைத் தையல் கடைப் பிளக்கில் செருகினான். பின்னேர வெளிச்சத்திலும் கேனின் மூக்கு வழியாக மஞ்சளாக ஒரு வெளிச்சம் வந்தது.

“யாரு இந்தப் பொம்புள?” ஹாஜியார் எழுந்தார். “எங்கட ஆக்கள்ட விசயத்தில வேற ஆக்கள் வந்து சாட்சி சொல்றதா? இதுக்குப் பின்னால யார் இரிக்காங்க எண்டு...”

“ஆக்களப் பத்திக் கதைக்காதீங்க ஹாஜியார்.” முபீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். “கேனப் பத்திக் கதைங்க. இந்த இடத்தில எங்கட மூத்தப்பாட கடை இரிந்ததெண்டு எனக்கு ஆர் சொன்ன? எங்க வாப்பா ஒரு நாளும் சொல்லல்ல. நீங்கதான் கடைக்கு வந்து சொன்னீங்க. உரிமைய விடாத எண்டீங்க. கேன் வரக்குள்ள நான் பிள்ள மாதிரி அழுதன், என்ன புடிச்சி ஆறுதல் சொன்னதும் நீங்கதான்.” அவர் மூச்செடுத்தார். “காணி எனக்கு வந்தா, பின்னால லொறி போற அளவுக்கு ஒரு பாத விடணும் எண்டு கேட்டீங்களே? நடுவர் கேக்கிறார் எண்டு நானும் ஓம் எண்டன்.”

எல்லோருடைய கண்களும் பின்வேலிக்குப் போயின. வேலிக்கு அப்பால் ஹாஜியாரின் தென்னந்தோட்டம். மூன்று பக்கமும் பிறர் காணி. நாலாவது பக்கம் அஸ்னாவின் வளவு. ஹோட்டல் கட்ட ஆள் கேட்டும், வீதிக்குப் பாதை இல்லாததால் விலைபோகாமல் கிடக்கும் தோட்டம் என்பது பாலமுனையில் பலருக்கும் தெரியும்.

ஒருவர் பின் ஒருவராகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு படலையை நோக்கி நடந்தார். அஸ்னா அவருக்கு முன்பே போய் அதைத் திறந்து பிடித்தாள்.

“பாத வேணும் எண்டா எனக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிரிக்கலாமே ஹாஜியார்.”

அவர் நின்றார். திரும்பாமலே பேசினார். “கேட்டு, நீ இல்ல எண்டு சொல்லியிரிந்தா?”

“ஓம். சொல்லியும் இரிப்பன்,” என்றாள் அஸ்னா. “என்ட வளவுதானே.”

அவர் வீதியில் இறங்கும் வரை அவள் படலையை விடவில்லை.

கூட்டம் கலையத் தொடங்கியது. கஜேந்தினிக்கு யாரோ தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள். முபீன் சாரத்தை மடித்துக் கட்டினார். சுவரோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்வேலிப் பக்கம் போய், குழியை மூடத் தொடங்கினார்.